நடந்தால் டீ வராது

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அம்மா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். சித்தி மருமகளின் தோழியாம். ஏழாம் மாதம். ஸ்கேனில் குழந்தையின் முதுகுத்தண்டில் பிளவு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அக்கா, நடப்பானா?"

இந்தக் கேள்வியோடு எனக்கு நீண்ட பழக்கம். நான் பிறந்த மூன்றாம் நாள் பாட்டி டாக்டரிடம் கேட்டது இதைத்தான். அம்மா மயக்கத்திலிருந்து தெளிந்ததும் கேட்டது இதைத்தான். பெயர் வைப்பதற்கு வந்த உறவுகள் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்படியில் பாட்டியிடம் ரகசியமாகக் கேட்டதும் இதைத்தான். நாற்பதை எட்டப்போகிறேன், இன்றைக்கும் டாக்சியில் ஏறினால் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தபடி, கொஞ்சம் மரியாதையாக, இதையேதான் வேறு சொற்களில் கேட்கிறார்.

நேராக ஒரு பதிலைச் சொல்லியிருக்கலாம். ஆனால் "அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள், சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே பேசலாம்" என்றேன். அந்த ஒரு வாரம் முழுக்க என் தலைக்குள் ஓடியதை இங்கே எழுதுகிறேன்.

ஸ்பைனா பிஃபிடா என்று டாக்டர்கள் சொல்வதை எங்கள் வீட்டில் 'முதுகு' என்று சுருக்கிவிட்டோம். "அவளுக்கு முதுகு" என்றால் உறவில் எல்லாருக்கும் புரியும். கரு உண்டான முதல் நான்கு வாரங்களுக்குள் ஒரு தகடு சுருண்டு குழாயாக மூட வேண்டும். அதுதான் பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகிறது. ஏதோ ஓரிடத்தில் அது மூடாமல் நின்றுவிட்டால், அந்த இடத்தில் எலும்பும் தோலும் மூடாமல் நரம்புகள் வெளியே திறந்து கிடக்கும். என் முதுகில் அது ஒரு சிறிய நார்த்தங்காய் அளவுக்கு இருந்ததாம். பிறந்த மறுநாளே மூடித் தைத்தார்கள். சில வாரங்களில் தலையில் நீர் சேரத் தொடங்கியதால் ஷண்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தார்கள். அது இன்னும் என் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஓடுகிறது. தலை வாரும்போது சீப்பு தட்டும்.

இது நேர்ந்ததற்குக் காரணம் அம்மா கிரகணத்தன்று காய் நறுக்கியதுதான் என்று குடும்பத்தில் ஒரு தீர்ப்பு உண்டு. 1986 ஏப்ரலில் சந்திர கிரகணம் வந்தது. அம்மா அன்று முருங்கைக்காய் நறுக்கியதும் உண்மை. அப்போது நான் அவர் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. குழாய் மூடாமல் போனதோ முதல் நான்கு வாரத்தில். தான் கர்ப்பமாக இருப்பதே அம்மாவுக்குத் தெரியாத காலத்தில். கரு உண்டாகும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் இதைப் பெருமளவு தடுக்கலாம் என்பதை உறுதிப்படுத்திய பெரிய ஆய்வு வெளிவந்தது 1991-ல். முன்பே இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்த தாய்மாரிடம், மறுபடியும் நேர்வதை அது 72 விழுக்காடு குறைத்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவிடம் இந்தக் கணக்கைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார். ஆனாலும் இன்றுவரை கிரகணத்தன்று எங்கள் வீட்டில் கத்தி வெளியே வராது.

சரி, நடை.

தண்டுவடத்தில் பிளவு எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதற்குக் கீழே உள்ள தசைகளுக்குத்தான் கட்டளை போய்ச் சேராது. மார்பு உயரத்தில் இருந்தால் கால் முழுவதும் சும்மா இருக்கும். அடிமுதுகின் கடைசியில் இருந்தால் பாதத்தில் மட்டும் கொஞ்சம் குறை. பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எனக்கு நான்காவது இடுப்பு முள்ளெலும்பு, எல்-4. தொடையின் முன்தசை நன்றாக வேலை செய்கிறது. முழங்காலை நீட்டி நிற்க வைப்பது அந்தத் தசைதான் என்பதால், நடப்பாளா என்ற கேள்விக்கு டாக்டர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். பாதத்தை மேலே தூக்குவேன். கீழே அழுத்த முடியாது. கெண்டைக்கால் சதை பெயருக்குத்தான் இருக்கிறது. இடுப்பின் பக்கத் தசை பலவீனம். அதனால் ஒரு காலைத் தூக்கும்போது உடம்பு மறுபக்கம் சாயும், அடுத்த காலுக்கு இந்தப் பக்கம். பள்ளியில் வாத்து என்றார்கள். பாட்டி மட்டும், "தேர் என்றால் ஆடி அசைந்துதான் வரும், ஓடியா வரும்?" என்பார்.

மூன்றரை வயதில் அந்தத் தேர் நிலையைவிட்டு நகர்ந்தது. முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலையும் பாதத்தையும் அணைத்துப் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடு உண்டு, ஏ.எஃப்.ஓ. என்பார்கள். எங்கள் வீட்டில் 'கூடு'. இரண்டு காலிலும் கூடு, பின்னால் இழுத்துக்கொண்டு போகும் வாக்கர். பிறகு முழங்கை ஊன்றுகோல் இரண்டு. சிங்கப்பூரில், தோ பாயோ வட்டாரத்தில் எங்கள் வீடு ஏழாம் மாடி. அந்தக் காலத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்களுடையது ஒன்று, ஐந்து, ஒன்பது. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம். ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே வரலாம். விருந்தாளிகள் எல்லாரும் ஒன்பதுக்குப் போய் இறங்கி வருவார்கள். நான் ஐந்தில் இறங்கி ஏறுவேன். ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கணுக்காலைக் கூடு பிடித்து வைத்திருக்கும்போது படி இறங்குவது, அடுத்த படி எங்கே என்று தெரியாமல் கால் வைப்பதற்குச் சமம். பதினாறு படி, திருப்பம், பதினாறு படி, திருப்பம். எண்ணி எண்ணி அந்த எண்ணிக்கை இன்னும் கனவில் வருகிறது.

அம்மா என்னை நடக்க வைப்பதற்காகத் தன் முப்பதுகளை முழுவதுமாகக் கொடுத்தார். காலையில் கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி, மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணுக்குத் தூண் நடை. அதெல்லாம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். 1989-ல் அமெரிக்க எலும்பு மருத்துவ இதழில் ஓர் ஒப்பீடு வந்தது. என்னைவிட மேலே பாதிக்கப்பட்டவர்களில், சிறு வயதிலேயே நடக்கப் பழக்கப்பட்டவர்களையும் சிறு வயதிலேயே சக்கர நாற்காலிக்குப் போனவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நடந்தவர்களுக்கு எலும்பு முறிவும் படுக்கைப் புண்ணும் குறைவு. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாங்களாகவே மாறுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் மருத்துவமனையில் கிடந்த நாட்கள் அவர்களுக்குத்தான் அதிகம். பிற்பாடு நடையை விட்டவர்களுக்கும் அந்தச் சில வருட நடை பயன்பட்டிருக்கிறது என்பது எனக்கு ஆறுதலான செய்தி. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதை அவர்கள் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்றார்.

பதினொன்றாம் வயதில் என் நடை மாறியது. எங்கள் வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தவர் அப்பா. அவர் பேருந்து டிப்போவில் மெக்கானிக். டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் என் பள்ளிக் காலணிகளைத் துடைக்க எடுத்தவர், இடது காலணியை விளக்கடியில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதுவரை இரண்டிலும் குதிகால்தான் தேயும். இப்போது இடது காலணியின் முன்நுனி தேய்ந்து, கறுப்பு போய் உள்ளே வெள்ளை தெரிந்தது. நான் காலை இழுத்து நடக்கிறேன் என்று எனக்கே தெரியாது. "ஏதோ அலைன்மெண்ட் போயிருக்கிறது" என்றார்.

முதலில் போன இடத்தில், பிள்ளை எடை போட்டுவிட்டாள், சோம்பலாக இருக்கிறாள், பயிற்சியைக் கூட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா கூட்டினார். முதுகு வலி வந்தது. அதுவரை அடங்கியிருந்த சிறுநீர் அடங்காமல் போனது. அப்பா அந்தக் காலணியையே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போனார். பழைய தழும்பு இருக்கும் இடத்தில் தண்டுவடம் ஒட்டிக்கொண்டு, பிள்ளை உயரமாக வளர வளர இழுபடுகிறது என்று எம்.ஆர்.ஐ. காட்டியது. கட்டுண்ட தண்டுவடம் என்று சொல்லலாம். முதுகைத் திறந்து விடுவித்தார்கள். வலி போய்விட்டது. போன பலம் முழுதாகத் திரும்பவில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் அந்த அறுவை சிகிச்சையின் முதல் வேலை. இந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களுக்கு என் ஒரே உபதேசம்: நடை மாறினாலோ, முதுகு வலித்தாலோ, சிறுநீர்ப் பழக்கம் மாறினாலோ, சோம்பல் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். செருப்பின் அடியைப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கால் வெளியே தெரிவதால் எல்லாரும் காலைப் பற்றிக் கேட்கிறார்கள். என் ஒரு நாளை உண்மையில் ஆள்வது சிறுநீர்ப்பை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டு அதைக் காலி செய்ய வேண்டும்; தவறினால் சிறுநீரகம் கெடும். நடையை விட்டவர்கள் நன்றாக வாழ்கிறார்கள். சிறுநீரகத்தைக் கோட்டைவிட்டவர்களுக்கு அது முடியாது. ஆனால் பெயர் வைக்க வந்த உறவுகளில் ஒருவரும் அடுப்படியில் பாட்டியிடம் அதைக் கேட்கவில்லை.

இன்னொன்று தோல். எனக்கு முழங்காலுக்குக் கீழே பின்பக்கமும் பாதத்தின் அடியிலும் உணர்ச்சி இல்லை. எட்டு வயதில் அப்பா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை. கடைசிச் சிறு தூரத்துக்கு என் கூட்டையும் காலணியையும் கழற்றிவிட்டு, பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். நண்பகல். தார் ரோடு. எல்லாரும் துள்ளித் துள்ளி நடந்தார்கள். நான் மட்டும் நிதானமாக, சிரித்துக்கொண்டு நடந்தேனாம். முருகன் அருள் என்று பாட்டிக்குப் பூரிப்பு. இரவு அம்மா காலைக் கழுவிவிடும்போது இரண்டு பாதங்களிலும் கொப்புளம், ஐம்பது காசு அளவுக்கு. ஆற ஐந்து வாரம் ஆனது. அன்றிலிருந்து தினமும் படுக்கும் முன் ஒரு சிறிய கைக்கண்ணாடியை வைத்துப் பாதத்தின் அடியைப் பார்க்கிறேன். புதுக் கூடு வாங்கினால் முதல் நாள் அரை மணி நேரம்தான். கழற்றிப் பார்க்க வேண்டும், சிவந்த இடம் இருபது நிமிடத்துக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால் கூட்டைச் செய்தவரிடமே திரும்பப் போய் அந்த இடத்தைச் சூடு காட்டித் தள்ளிவிடச் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு வயதில் அவசரப்பட்டு இதைச் செய்யாமல், வேலையில் சேர்ந்த முதல் வாரமே புதுக் கூட்டோடு ஓடியாடினேன். குதிகாலில் புண். மூன்று மாதம் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்றார்கள். மூன்று மாதம் நடக்காமல் இருந்ததற்குக் காரணம் நடந்ததுதான்.

ஊன்றுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் உயிர் நுனியில் இருக்கும் ரப்பர் குப்பியில் இருக்கிறது. அது தேய்ந்தால் உணவங்காடி நிலையத்தின் ஈரத் தரையில் சறுக்கு விளையாட்டுதான். நல்ல மழை பெய்த அன்று புளோக்கின் கீழ்த்தளத்து ஓடுகளில் நான் விழுந்த கணக்கை எழுதினால் தனிப் பதிவு ஆகும். இந்த ரப்பரோடு எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய உறவு. தாத்தாவும் பாட்டியும் மலேசியாவின் ஜொகூரில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். அந்த மரத்தின் இருபத்திரண்டு கன்றுகள் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. மரம் சாகாமல் பட்டையை வெட்டும் முறையைப் பிற்பாடு இங்கே பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில்தான், அதன் இயக்குநர் ரிட்லி வகுத்தார். பாட்டி இருபது வருடம் பாலில் கை நனைத்தவர். பேத்திக்கோ அந்தப் பால் ஆகாது. பிறந்ததிலிருந்தே அறுவை சிகிச்சையும் கையுறையும் குழாயுமாக ரப்பரோடு புழங்குவதால் எங்களைப் போன்றவர்களில் நிறையப் பேருக்கு அதில் ஒவ்வாமை வந்துவிடுகிறது. பிறந்தநாள் விழாவில் பலூன் ஊதினால் எனக்கு உதடு வீங்கும். பாட்டி இதைக் கடைசிவரை நம்பவில்லை. "என் சோறே அதுதானடி" என்பார்.

1973-ல் ஹாஃபர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவரும் அவர் குழுவினரும் எங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இன்றும் டாக்டர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். வெளியே ஊரெல்லாம் நடப்பவர். வீட்டுக்குள் மட்டும் நடப்பவர். பயிற்சி நேரத்தில் மட்டும் நடப்பவர். நடக்காதவர். என் கோப்பில் ஒவ்வொரு வருடமும் இதில் ஒன்றைக் குறிக்கிறார்கள். பெரிய மனிதர்கள் வகுத்தது, தப்பு சொல்லவில்லை. ஆனால் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை என்னை வந்து பாருங்கள். காலையில் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடு இல்லாமல் குளியலறை வரை போகிறேன். அலுவலகத்தில் கூடும் ஒற்றை ஊன்றுகோலுமாக அச்சு இயந்திரம் வரை. மாலையில் தேக்கா சந்தைக்குச் சக்கர நாற்காலியில். ஒரே நாளில் நான் எத்தனை வகை?

சக்கர நாற்காலிக்கு வந்தது 2003-ல். பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம். ஊரைப் போல விரிந்த வளாகம். ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேரும்போது சட்டை நனைந்திருக்கும், தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருக்கும், ஆசிரியர் பாதிப் பாடத்தில் இருப்பார். வளர வளர உடம்பின் எடை கூடுகிறது; அதைத் தூக்கும் தசைக்கு மட்டும் அதே பழைய பலம். பதின்ம வயதில் எங்களில் பலர் நடையைக் குறைப்பது இதனால்தான். வளாகத்தில் ஒரு நாற்காலி இரவல் கிடைத்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்து கேண்டீனுக்குப் போனேன். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் வாங்கினேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் சக்கரத்தை உருட்டி, நானே ஒரு மேசையைத் தேடிப் போய் உட்கார்ந்தேன்.

படிப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பதினேழு வயதுவரை நான் எனக்கென்று ஒரு தட்டுச் சாப்பாட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனதில்லை. இரண்டு ஊன்றுகோல் என்றால் இரண்டு கைக்கும் வேலை. தண்ணீர்க் குவளை, புத்தகம், குடை, தோழியின் குழந்தை, எதுவும் முடியாது. எப்போதும் யாராவது எடுத்து வர வேண்டும்; எப்போதும் நான் "தாங்க்ஸ்" சொல்ல வேண்டும். நடக்கிற பெண் என்று எல்லாரும் மெச்சிய காலத்தில்தான் நான் அதிகம் பிறர் கையை எதிர்பார்த்திருந்தேன். அந்த மீ கோரெங்கில் உறைப்பு அதிகம். ஒரு துளி விடாமல் சாப்பிட்டேன்.

அதே 2003 ஜூனில் வடகிழக்கு ரயில் பாதை திறந்தது. எல்லா நிலையத்திலும் மின்தூக்கியோடு. 1987-ல் பெருவிரைவு ரயில் முதலில் ஓடியபோது நிலையங்களில் படியும் மின்படியும்தான். பழைய நிலையங்களுக்கும் ஒவ்வொன்றாக மின்தூக்கி வந்தது. எங்கள் புளோக்கிலும் ஒரு நாள் சாரம் கட்டி, சுவரை உடைத்து, ஏழாம் மாடிக்கும் மின்தூக்கி நிற்க வைத்தார்கள். 2006 முதல் சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகள் வரத் தொடங்கின. 2020 முடிவில் ஓடுவதெல்லாமே அப்படிப்பட்டவை. ஓட்டுநர் இறங்கி வந்து, நடுக்கதவின் தரையிலிருந்து சாய்பலகையைப் பிரித்துப் போடுவார். அந்த அரை நிமிடம் பேருந்து முழுக்க என்னைப் பார்க்கும். முதல் இரண்டு வருடம் எல்லாரிடமும் "சாரி" சொன்னேன். பிறகு நிறுத்திவிட்டேன். என் தசைகளில் அந்த வருடங்களில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் தோ பாயோவைத் தாண்டாத நான் சாங்கிக்கும் பொங்கோலுக்கும் தனியாகப் போய்வந்தேன்.

வீட்டில் மட்டும் துக்கம். சொந்தமாக நாற்காலி வாங்கியபோது அம்மா மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. "நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை, உட்கார்ந்துவிட்டாள்" என்று பாட்டியிடம் சொல்லி அழுதது என் அறைக்குக் கேட்டது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் நாற்காலியை மடக்கி, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து, மேலே ஒரு பழைய சேலையைப் போட்டுவிடுவார். நான் சோபாவில் 'சும்மா' உட்கார்ந்திருப்பேன். அவர்கள் கிளம்பும்வரை கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்வேன்; அதன் விலை என்ன என்று மேலே சொல்லிவிட்டேன். அம்மாவைக் குறைசொல்லிப் பயனில்லை. தூணுக்குத் தூண் நடக்க வைத்தவருக்கு அந்த நாற்காலி தன் தோல்வியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்காலியில் இருப்பவர் எழுந்தால் ஊர் படும் பாடு வேறு கதை. தேக்காவில் ஒரு கடையில் மேல்தட்டில் இருந்த புளிப் பொட்டலத்தை எடுக்க எழுந்து நின்றேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு நாள் ரயில் நிலையத்தில் நான் எழுந்து காலை நீட்டியதைப் பார்த்துவிட்டு ஒருவர், "நடிப்பு" என்று தன் மனைவியிடம் தமிழில் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது. ஒரு கோயில் வாசலில் பெரியவர் ஒருவர், சக்கரமும் செருப்பு மாதிரிதானே என்று என்னை நிறுத்தினார். கூட்டை மாட்டிக்கொண்டு, காலணி இல்லாமல், அபிஷேகத் தண்ணீர் தேங்கிய கருங்கல்லில் நடந்தால் நேராக ஆஸ்பத்திரிதான் என்று அவருக்கு எப்படி விளக்குவது? பூக்கட்டிக்கொண்டிருந்த ஆயா எழுந்து வந்தார். ஈரத் துணியால் நான்கு சக்கரத்தையும் தானே துடைத்தார். "போ தாயி, தீபாராதனை முடிந்துவிடப் போகிறது" என்றார். பெரியவர் நகர்ந்துகொண்டார்.

இன்னொரு பக்கம் உற்சாகப்படுத்துபவர்கள். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 100 மீட்டர் மார்நீச்சலில் வெண்கலம் வென்ற தெரேசா கோவும் என்னைப் போலவே இதோடு பிறந்தவர். அந்த வாரம் எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்தால் நான்தான் நீந்தினேன் என்று நினைப்பீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீருக்கே பயம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். கணவர் ஒரு கோப்பில் ஸ்கேன் தாள்களை அடுக்கி, மஞ்சள் நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். கருப்பையிலேயே அறுவை சிகிச்சை செய்வதைப் பற்றிப் படித்திருக்கிறார். அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வு 2011-ல் வெளியானது: பிறந்த பின் அறுவை சிகிச்சை செய்த குழந்தைகளில் 21 விழுக்காட்டினர் இரண்டரை வயதில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நடந்தார்கள், பிறக்கும் முன்பே செய்தவர்களில் 42. ஆனால் அதை 26 வாரத்துக்குள் செய்ய வேண்டும். இவர்கள் தாண்டிவிட்டார்கள். கணவர் அந்த வரிக்கு மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிளவு எந்த உயரத்தில் என்று கேளுங்கள். பிறந்த பிறகு தொடைத் தசை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள், அதுவரை யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான். கூடும் ஊன்றுகோலும் வேண்டியிருக்கலாம். நாற்காலியும் வேண்டியிருக்கலாம். இரண்டும் வேண்டியிருக்கலாம். முதல் வருடம் நீங்கள் தலையையும் சிறுநீரகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், காலைப் பற்றி நினைக்கவே நேரம் இருக்காது என்றபோது அந்தப் பெண் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு, சிறிய குரலில், மறுபடியும், "ஆனால் நடப்பான்தானே அக்கா?"

நான் எழுந்து காட்டினேன். கூடு, ஊன்றுகோல். சோபாவிலிருந்து அடுப்படி வரை, பத்துப் பன்னிரண்டு அடி, தேர் மாதிரி. அவர்கள் இருவரும் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது முதுகுக்குத் தெரிந்தது. அடுப்படியில் டீ தயாராக இருந்தது. நான்கு குவளை, ஒரு தட்டில் முறுக்கு. ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, அங்கே நிறுத்தியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டை மடியில் வைத்து, வழுக்காமல் இருக்க அடியில் ஈரத் துணியை விரித்தேன்.

உருண்டு வெளியே வந்ததும் கணவர் பதறி எழுந்து, கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"உட்காருங்கள் தம்பி" என்றார் அம்மா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவள் கொண்டுவருவாள்."